நின்றபடி ஓடும் வேகம்

மோட்டார் கார் ஓட்டத் தெரியாதவன் நான். சைக்கிள் தெரியும். அதிலும் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன் ஆகையால் இன்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் இறங்க வரும். இப்படிப்பட்ட ஆசாமி ஒரு காரின் வயிற்றுக்குள் கிடக்கும் உறுப்பைப் பற்றி எழுதத் துணிந்தால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சென்ற கோடையில் ஆறு வாரம் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லண்டுக்கு மேற்கே இருக்கும் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். காலைக் காப்பியிலிருந்து ராத்திரி மோர்சாதம் வரையில் அந்த வீட்டில் பேசப்பட்ட விஷயம் இது ஒன்றுதான். நயாகரா அருவி பார்க்கப் போனோம். ஊர் உலகமெல்லாம் வாய் பிளந்து நின்ற இடத்தில் தம்பி அருவியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, இந்தத் தண்ணி கீழே டர்பைனைச் சுத்துது பாருங்க, டார்க் கன்வர்ட்டரும் இதே கதைதான்" என்றான். அவன் மனைவி பெருமூச்சு விட்டுவிட்டுப் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டாள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் நான். பட்டம் வரை போகவில்லை. அந்த இரண்டு வருஷம் இத்தனை காலம் கழித்து ஒரு கார்க் கொட்டகையில், எண்ணெய்க் கறை படிந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கைகொடுத்தது.

கார், 1970-ஆம் வருஷத்து ஷெவர்லே நோவா. ஸ்பானிய மொழியில் 'நோ வா' என்றால் 'போகாது' என்று அர்த்தமாம். அதனால் ஸ்பானிய தேசங்களில் இந்தக் கார் விற்கவே இல்லை என்று ஒரு கதை உலவுகிறது. கதை பொய். நன்றாகவே விற்றது. ஆனால் தம்பி வாங்கி வந்த சமயத்தில் அவன் வண்டியைப் பொறுத்தமட்டில் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது என்று அவன் மனைவி சொன்னாள். இரண்டு வருஷம் அவனும் அவனுடைய ஒரே பெண்ணும் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து அதைப் பழுது பார்த்தார்கள். 350 கன அங்குல எஞ்சின். மூன்று கியர் உள்ள, தானே கியர் மாற்றும் பெட்டி. பெண்ணுக்கு இப்போது பதினேழு வயசு. ஆகஸ்டு மாதம் கல்லூரிக்கு வேறு ஊர் போகிறாள். வீட்டில் இந்தத் தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கொட்டகையில் எல்லா வேலையும் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும் என்று ஓர் அவசரம் இருந்தது.

தம்பிக்கு வேண்டியது இரண்டு வேலையும் செய்யும் வண்டி. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரவேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பந்தயத் தடத்தில் கால் மைல் பாயவும் வேண்டும். இந்தக் கால் மைல் பந்தயத்துக்கு அந்த நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்கள் தெருவில் காரை விரட்டி உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தெருவிலிருந்து இழுத்து ஒரு தடத்துக்குள் விடவேண்டும் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் வாலி பார்க்ஸ். 1951-இல் அவர் ஆரம்பித்த சங்கம் இன்றும் நடக்கிறது. 1,320 அடி, நேர்க்கோடு, இரண்டு கார்கள். நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டும். அதுதான் அதன் உயிர்நாடி. ஓடிக்கொண்டிருக்கிற காரை விரட்டுவது எளிது. நிற்கிற காரைக் கிளப்புவதில்தான் மனிதன் தோற்கிறான்.

இதில் என் தம்பிக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் வருஷா வருஷம் மூன்றாவதாக வருவான். அரைத் தூரத்துக்கு மேல் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் விசில் ஊதினால் ஒரு கணம் நின்று யோசிப்பான். அந்த ஒரு கணத்தில் இரண்டு பேர் போய்விடுவார்கள். அதைப் பற்றி அவன் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி அந்த உறுப்புக்கு வருகிறேன். கையால் கியர் போடும் காரில் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். தானே கியர் மாற்றும் காரில் கிளட்ச் மிதியே கிடையாது. அப்படியானால் சிவப்பு விளக்கில் சக்கரம் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடாமல் ஓடுவது எப்படி? இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும். இரண்டாவதைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதலாவது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஓர் இரும்புக் குடத்துக்குள் அடைத்துவிட்டால் ஏறக்குறைய விஷயம் முடிந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவதைப் பம்ப் என்றும், கியர்ப் பெட்டியைச் சுற்றுவதை டர்பைன் என்றும் சொல்கிறார்கள். இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினீயர். 1905-இல் அவர் இதற்கு உரிமை வாங்கியது காருக்காக அல்ல, கப்பலுக்காக. நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறியோ நிதானமாகச் சுற்ற வேண்டும். இரண்டு வேகங்களையும் சமாதானம் செய்துவைக்க ஒரு தரகர் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கார்களில் இது 1948-இல், பியூக் வண்டியில் வந்தது.

இரண்டு விசிறி மட்டும் இருந்தால் அது வெறும் இணைப்புத்தான். நடுவில் மூன்றாவதாகச் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. ஸ்டேட்டர் என்று பெயர். டர்பைனில் மோதிவிட்டுத் திரும்பும் எண்ணெய், பம்பு சுற்றும் திசைக்கு எதிராக வந்து அதைத் தடுக்கப் பார்க்கும். ஸ்டேட்டர் குறுக்கே நின்று அந்த எண்ணெயின் முகத்தைத் திருப்பி, பம்புக்கு உதவியாகத் தள்ளிவிடுகிறது. அதனால் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகி வெளியே வருகிறது. டர்பைன் வேகம் பிடித்துப் பம்பை எட்டியதும் ஸ்டேட்டர் தானும் சுற்றிக்கொண்டு வழி விட்டுவிடும். நம் ஊரில் தேர் இழுக்கும்போது, நிலையிலிருந்து தேர் பெயரும் அந்த முதல் அசைவுக்கு மட்டும் பின்னால் உத்திரக்கட்டையை வைத்து நெம்பிக் கொடுப்பார்கள் அல்லவா? தேர் நகர்ந்துவிட்டால் நெம்புகிறவர்கள் கட்டையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஸ்டேட்டர் செய்வதும் அதுதான். இதைச் சொன்னபோது தம்பி ரொம்பச் சந்தோஷப்பட்டான். இருபது வருஷமாகத் தான் எஞ்சினீயராக இருந்தும் இது தோன்றவில்லையே என்றான்.

இப்போது ஸ்டால் ஸ்பீடு. டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழு மூச்சில் முடுக்கினால், ஓர் அளவுக்கு மேல் அதனால் ஏற முடியாது. எண்ணெய் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. 3,000 ஸ்டால் என்றால் 3,000 சுற்று வரும் வரையில் வண்டி நகரவே நகராது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. மெதுவாக மிதித்தால் மெதுவாக நகரும். ஆனால் கொஞ்சம் தளர்த்தியாக, ரப்பர் கயிற்றில் கட்டி இழுப்பதைப் போல இருக்கும்.

கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிற பழைய வண்டிகளில் இந்த எண் 1,600, 1,800 என்று இருக்கும். சாதாரண எஞ்சினுக்கு அது போதும். பந்தய ஆசை பிடித்தவர்கள் முதலில் எஞ்சினின் கேம் ஷாஃப்டை மாற்றுகிறார்கள். வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி செய்தால் எஞ்சின் உயர்ந்த வேகத்தில் பிரமாதமாக மூச்சு விடும். ஆனால் தாழ்ந்த வேகத்தில் கும்பகர்ணன்தான். தம்பியின் எஞ்சின் 2,500 சுற்றுக்கு மேல்தான் கண் விழிக்கும். 1,800-இலேயே அதன் தலையில் பாரத்தை ஏற்றினால் தூக்கத்தில் எழுந்து தள்ளாடுகிறவனைப் போலத் திணறும். ஆகவே எஞ்சின் விழித்துக்கொள்கிற வரையில் பாரத்தை ஏற்றாமல் கொஞ்சம் விட்டுப்பிடிக்கிற கன்வர்ட்டர் வேண்டும். பந்தயக்காரர்கள் சின்னக் குடமாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். பழைய வண்டியில் 12 அங்குலம் இருக்கும். 10 அங்குலம் போட்டால் ஸ்டால் ஏறும். 8 அங்குலம் என்றால் அது தெருவுக்கே லாயக்கில்லாத பந்தயப் பண்டம்.

இங்கேதான் தம்பி சறுக்கினான். எஞ்சின் 2,500-இல் கண் விழிக்கிறது. 4,000-இல் அதன் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. ஆகவே 4,000 ஸ்டால் வாங்கிவிட்டால் நேராக உச்சியிலேயே காலை வைக்கலாமே என்று அவன் கணக்குப் போட்டான். தடத்தில் பழக்கமான ஒருவர் அப்படி ஒன்று தம்மிடம் உபரியாக இருப்பதாகச் சொன்னார். விலையும் சகாயம். வாங்கிப் பூட்டிவிட்டான்.

நான் போவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. வெள்ளிக்கிழமை ராத்திரி, நார்வாக் ஊரில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அப்பாவும் பெண்ணும் போயிருக்கிறார்கள். புறப்பாட்டில் வண்டி பாய்ந்தது வாஸ்தவந்தான். ஆனால் கால் மைலின் கோடியில் வேகம் முன்னைவிட மட்டு. எஞ்சின் சுற்றுவதில் ஒரு பங்கு எண்ணெயைக் கலக்குவதிலேயே வீணாய்ப் போனது. திரும்பும் வழியில்தான் வினை. வண்டியின் பின் அச்சில் அப்போது 3.08 விகிதத்துப் பழைய கியர் இருந்தது. மணிக்கு அறுபது மைலில் போனால், கன்வர்ட்டர் வழுக்காமல் இருக்கும் பட்சத்தில் எஞ்சின் 2,400 சுற்றுக்கு ஒரு மயிரிழை குறைவாகச் சுற்ற வேண்டும். முள் 3,100 காட்டியதாம். மிச்சம் எழுநூறும் எங்கே போயிற்று? உஷ்ணமாயிற்று. இரண்டு உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்தால் சூடு வருவதைப் போல, வழுக்கும் எண்ணெய் கொதிக்கிறது. இந்த எண்ணெய் 80 டிகிரி சென்டிகிரேடு வரை சௌகரியமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்று தொழில்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தம்பி எண்ணெய் குளிர்வதற்குத் தனியாக எதுவும் பொருத்தியிருக்கவில்லை. பாதி வழியில் கருகல் நாற்றம். இன்னும் கொஞ்ச தூரத்தில் புகை. வண்டி நின்றுவிட்டது. இழுத்துப் போகிற லாரி வந்து, வீடு சேர ராத்திரி இரண்டு மணி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு எஸ்.ஏ.டி. என்கிற கல்லூரி நுழைவுப் பரீட்சை.

"மூணு மணி நேரம் தூங்கிட்டுப் போய் எழுதினா, அத்தான்" என்றாள் தம்பி மனைவி. அதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. கொட்டகைக் கதவைப் பார்த்தாள். "நான் அப்பவே சொல்லிட்டேன். ஒண்ணு அந்த வண்டி இருக்கணும், இல்லே அவளை ஒழுங்கா வீடு கொண்டு சேர்க்கிற வண்டியா இருக்கணும்."

பெண் பரீட்சையை நன்றாகத்தான் எழுதினாள். ஆனாலும் அந்த இரண்டு மணி வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. வண்டி குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயசு. முப்பது வருஷத்துக்கு மேல் கியர்ப் பெட்டி பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிகவும் குறைவாகப் பேசுவார். வசந்த காலத்தில் அவர் வேலி ஓரமாக வந்து நின்று, பழைய எண்ணெய் இருந்த தட்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது எண்ணெய் செய்த தப்பு இல்லை" என்றாராம். பிறகு அவர் யோசனைப்படி பின் அச்சில் 3.73 விகிதத்துக் கியர் போட்டார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெய் குளிர்வதற்கென்று தனிக் கூலர் வந்தது. எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஒரு முள்ளும் வந்தது. கன்வர்ட்டர் ஒன்றுதான் பாக்கி. நான் போய் இறங்கிய சமயம் அதுதான்.

இந்தத் தடவை கையில் கிடைத்ததை வாங்குவதில்லை, வண்டிக்கென்று அளவெடுத்துக் கட்டச் சொல்வது என்று தீர்மானம். கட்டுகிறவர் ஒரு பாரம் அனுப்பியிருந்தார். வண்டியின் எடை, டயரின் உயரம், பின் கியர் விகிதம், எஞ்சின் பலம், கேம் ஷாஃப்டின் அளவு, உபயோகம் தெருவுக்கு நூற்றுக்கு எத்தனை, பந்தயத்துக்கு எத்தனை என்று கேள்விகள். ஒரு ராத்திரி சாப்பாடு ஆனதும் சமையலறை மேஜையில் அதை விரித்து வைத்துக்கொண்டு தம்பி எழுத ஆரம்பித்தான். எஞ்சின் பலம்: 425 குதிரை. எடை: 3,200 பவுண்டு. உபயோகம்: பந்தயம் 70, தெரு 30.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து வந்தாள். அதில் வண்டி ஓடிய ஒவ்வொரு மைலும் தேதிவாரியாக எழுதியிருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பா, போன வருஷம் மொத்தம் 3,100 மைல். தடத்துக்கு நாலு ராத்திரி போனோம். இருபத்திரண்டு தடவை ஓட்டினீங்க. இருபத்திரண்டு கால் மைல். அஞ்சரை மைல்."

தம்பி பேனாவைக் கீழே வைத்தான். மூவாயிரத்து நூறு மைலில் ஐந்தரை மைல். நூற்றுக்கு எழுபது எங்கே, ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை.

"எடையும் தப்பு. லாரி எடை மேடையிலே நிறுத்தினபோது நீங்க உள்ளே இருந்தீங்க. 3,480."

"குதிரை?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். அந்தக் குழந்தை கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். உருளையின் மேல் ஏற்றிச் சோதித்தபோது சக்கரத்தில் வந்தது 268. எஞ்சினில் ஏறக்குறைய 330 என்று வைத்துக்கொள்ளலாம்.

என் தம்பி பொய் சொல்லுகிற மனுஷன் அல்ல. அலுவலகத்தில் ஒரு திருகாணியின் அளவைக்கூடத் தப்பாக எழுதமாட்டான். ஆனால் இது வேறு மாதிரி. என்னிடமும் சமயா சமயங்களில், உங்கள் நாவல் எத்தனை பிரதி போயிருக்கும் என்று கேட்கிறார்கள். வாயில் ஒரு எண் வருகிறது. பதிப்பாளருடைய கணக்குச் சீட்டில் வேறு எண் இருக்கிறது. கேட்டவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதால் நானும் திருத்துவதில்லை. கன்வர்ட்டரில் அந்தச் சலுகை கிடையாது. கட்டுகிறவர் நீங்கள் சொன்ன எஞ்சினுக்குத்தான் கட்டுவார். பூட்டப்போவது உங்களிடம் இருக்கிற எஞ்சினோடு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்டால் ஸ்பீடு என்பது கன்வர்ட்டரின் எண் என்று நாம் நினைக்கிறோம். பாதிதான் அது. மீதி எஞ்சினுடையது. எஞ்சினின் முறுக்கு விசைக்கு வர்க்கமூலம் கண்டால் ஸ்டால் அதன்படி ஏறும், இறங்கும். (என் பௌதிகம் உதவியது இங்கேதான்.) 300 அடி-பவுண்டு விசைக்கு 2,000 காட்டுகிற அதே குடம், 400 அடி-பவுண்டு எஞ்சினுக்குப் பின்னால் 2,300 காட்டும். ஆகவே எஞ்சினைப் பெரிதாக்கிச் சொன்னால், கட்டுகிறவர் அந்தப் பலத்தை அடக்குவதற்கு இறுக்கமாகக் கட்டி அனுப்புவார். நம் எஞ்சினோ அதில் சொன்ன எண்ணை எட்டவே எட்டாது. பந்தயம் 70 என்று எழுதினால் அவர் தளர்த்திக் கட்டுவார். அப்போது தெருவில் கொதிக்கும். ஒரு பொய் இந்தப் பக்கம் இழுக்கிறது, இன்னொரு பொய் அந்தப் பக்கம் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தம்பி பாரத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தான். 330. 3,480. உபயோகம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தான். தெரு 90, பந்தயம் 10 என்று எழுதினான். பெண் அந்தப் பத்தை அனுமதித்தாள்.

மறுநாள் கட்டுகிறவரோடு டெலிபோன். பாரத்தில் இல்லாத ஒரு கேள்வியைத்தான் அவர் முதலில் கேட்டார். "உன் வீட்டிலிருந்து தடத்துக்குப் போகிற வழியில் எத்தனை சிவப்பு விளக்கு?" பெண் விரல் விட்டு எண்ணி, பதினொன்று என்றாள். நெடுஞ்சாலையில் என்ன வேகம் போவீர்கள் என்றார். அறுபது. 26 அங்குல டயரோடு 3.73 கியர் என்றால் அறுபதில் எஞ்சின் 2,900 சுற்றும். ஸ்டால் அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நெடுஞ்சாலையில் அதிகம் வழுக்காது. எஞ்சினோ 2,500-இல் விழித்துவிடுகிறது. "10 அங்குலம். 2,800 என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறேன். உன் வண்டியில் 2,700 காட்டலாம், 2,900 காட்டலாம். எனக்குச் சண்டைக் கடிதம் எழுதாதே" என்று வைத்துவிட்டார்.

தம்பிக்கு முகம் சின்னதாகப் போய்விட்டது. போன வருஷம் 4,000 வைத்திருந்தவன் அல்லவா? வேலிக்கு அப்பாலிருந்து கிழவர், "3,200 கேட்டிருந்தால்கூட அவர் கட்டிக் கொடுத்திருப்பார். நீ சந்தோஷமாகவும் இருந்திருப்பாய், முதல் சிவப்பு விளக்கு வரைக்கும்" என்றார்.

பூட்டுகிற வேலை இரண்டு நாள். அதை விவரித்தால் எனக்கும் இடுப்பு வலிக்கும், வாசகர்களுக்கும் வலிக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கியர்ப் பெட்டியின் மூக்கில் குடத்தைச் சொருகும்போது அது மூன்று தரம் 'டக், டக், டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். இரண்டு 'டக்'கோடு திருப்திப்பட்டு மறையாணியை முடுக்கினால் கியர்ப் பெட்டியின் பம்பு உடைந்துவிடும். தம்பி இரண்டாவதோடு, ஆச்சு என்றான். பெண் கையை வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மூன்றாவது 'டக்' எனக்கே கேட்டது. கிழவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மேல் தாம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அர்த்தம்.

ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லோரும் நார்வாக் போனோம். தம்பி மனைவியும் வந்தாள். புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. தடத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் விளக்குகள். கிறிஸ்மஸ் மரம் என்று பெயர். 1963-இல் இந்த விளக்கு மரம் வருவதற்கு முன்பு ஒரு மனிதர் கொடியை வைத்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பாராம். மூன்று மஞ்சள், அரை விநாடிக்கு ஒன்றாக எரிகின்றன. பிறகு பச்சை. ஓடி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். முதல் அறுபது அடிக்கு எத்தனை விநாடி, மொத்தம் எத்தனை விநாடி, கோடியில் என்ன வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். கடிகாரம் பச்சை விளக்கில் தொடங்குவதில்லை. வண்டி கோட்டை விட்டு நகர்ந்த கணத்தில்தான் தொடங்குகிறது. பச்சை விழுந்த பிறகு நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தைத் தனியாக, ஒரு ஓரத்தில் போட்டிருப்பார்கள்.

பழைய கன்வர்ட்டரில் வண்டி 14.5 விநாடியில் ஓடியது. 4,000-இல் 14.1. அன்றைக்கு மூன்றாவது ஓட்டத்தில் 13.6 வந்தது. முதல் அறுபது அடி இரண்டு விநாடிக்குள். கியரையும் மாற்றியிருப்பதால் புகழ் முழுவதையும் கன்வர்ட்டருக்குக் கொடுக்கக்கூடாது என்று கிழவர் நியாயஸ்தலத்தில் தீர்ப்புச் சொல்வதைப் போலச் சொன்னார். சரிதான். ஆனால் அன்றைக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்தவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

அப்புறம் பெண் ஒருதரம் ஓட்டினாள். வயசு குறைவு என்பதால் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தம்பி மனைவி போடுவாளா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பேனாவை வாங்கி, "எண்ணெய்ச் சூடு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். 180 ஃபாரன்ஹீட் என்றான் தம்பி. கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெண்ணுக்கு 13.7. அப்பாவைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகம். ஆனால் ஓரத்தில் இருக்கிற எண் வேறு கதை சொல்லியது. பச்சைக்குப் பிறகு புறப்பட அவளுக்கு ஆனது 0.09 விநாடி. தம்பிக்கு 0.41. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒரே மாதிரி வண்டியில் ஓடியிருந்தால் அவள்தான் முன்னால் போயிருப்பாள். தம்பியும் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விசில் ஊதினா நான் இன்னும் யோசிக்கிறேன், இல்லே அண்ணே?" என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் புளியோதரைப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

ஆகஸ்டு முதல் வாரம் எனக்கு விமானம். நல்ல கார் ஒன்று வாசலில் நிற்க, நோவாவில்தான் கொண்டு விடுவேன் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். என் பெட்டிகள் இரண்டும் பின்னால் ஏறின. மத்தியான வெயில். பதினொன்றுக்கு மேல் சிவப்பு விளக்குகள். ஒரு விளக்கில் பக்கத்தில் புது வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே ஒரு வாலிபன். எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு எஞ்சினை இரண்டு தரம் உறுமவிட்டான். தம்பியின் இடது கால் பிரேக்கில் இறுகுவதையும் வலது கால் லேசாகக் கீழே போவதையும் நான் பார்த்தேன். எஞ்சின் முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. பின்னால் என் பெட்டியில் ஊறுகாய் பாட்டில்கள் இருந்தன.

பச்சை விழுந்தது. வாலிபன் பறந்துவிட்டான். தம்பி ஒரு கணம் நின்றான். பிறகு காலைத் தளர்த்திக்கொண்டு வண்டியை மெதுவாக நகர்த்தினான்.

"சூடு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நூத்தி எழுபத்தஞ்சு" என்றான்.